கணினிச் சேவைகளின் வாயிலோன்

ஒரு கணினி தன்னிடம் இல்லாத ஒன்றை மற்றொரு கணினியிடம் கேட்டுப் பெறுவது இக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. கைத்தொலைபேசியில் தம் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்க்க விரும்பும் ஒருவர் ஒரு பொத்தானைத் தொடுகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் தொகை தோன்றுகிறது. அவர் காண்பது அவ்வளவே. ஆயினும், அத்தொடுகைக்கு விடை கூறுதற்பொருட்டு, அவர் இன்னாரென உறுதிப்படுத்தும் சேவை ஒன்றும், கணக்கேட்டைப் பேணும் சேவை ஒன்றும், அண்மைய கொடுக்கல் வாங்கலைத் திரட்டித் தரும் சேவை ஒன்றும் உழைத்திருத்தல் கூடும். இவை பெரும்பாலும் வெவ்வேறு கணினிகளில் இயங்குவன. ஒவ்வொரு கேள்வியையும் உரிய கணினியிடம் சேர்ப்பிப்பவர் யார், அவ்வாறு சேர்ப்பிக்கையில் நிகழக்கூடிய தவறுகள் எவை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

முதற்கண் அழைப்பு என்பது யாதென அறிதல் வேண்டும். கணினிக்கென எழுதப்படும் நிரல், சிறு சிறு செயல்முறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். வட்டியைக் கணிப்பது ஒரு செயல்முறை. பெயரைத் தேடுவது மற்றொரு செயல்முறை. ஒன்று மற்றொன்றைப் பெயர் சொல்லி அழைத்து, வேண்டிய எண்களைக் கொடுத்தால், அழைக்கப்பட்டது தன் வேலையை முடித்து விடையைத் தரும். அழைத்தது விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடரும். இவையெல்லாம் ஒரே கணினியின் உள்ளே நடைபெறுவன. இதே எளிமையோடு, தொலைவிலுள்ள வேறொரு கணினியின் செயல்முறையையும் அழைத்தல் கூடுமோ என்ற வினாவிலிருந்து பிறந்ததே தொலைச்செயல் அழைப்பு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை ஆர்.பி.சி. எனச் சுட்டுவது வழக்கம்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நெல்சன் என்பார் 1981ஆம் ஆண்டில் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வுரை இப்பொருள் பற்றியதே. அவரும் அன்ட்ரூ பிரெல் என்பாரும், செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ரோ ஆய்வு நிலையத்தில் தாம் அமைத்த முறையை 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அம்முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. அழைக்கும் நிரலின் அருகே பதிலாள் ஒன்று நிறுத்தப்படுகிறது. அது தொலைவிலுள்ள செயல்முறையின் பெயரையே தானும் தாங்கி நிற்கும். நிரல் அதனை அழைத்ததும், கொடுக்கப்பட்ட எண்களையும் சொற்களையும் அது ஒரு மடலாகக் கட்டி, வலையமைப்பின் வழியே அனுப்பும். மறுகரையில் நிற்கும் இன்னொரு பதிலாள் அம்மடலைப் பிரித்து, உண்மையான செயல்முறையை அழைத்து, கிடைத்த விடையை மீண்டும் மடலாக்கித் திருப்பியனுப்பும். நிரலை எழுதுபவருக்கு, அழைப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது போலத் தோன்றும்.

தோற்றம் அங்ஙனமாயினும், மடலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பிரெலும் நெல்சனும் இதற்கென ‘கிரேப்வைன்’ என்னும் பதிவேட்டைப் பயன்படுத்தினர். சேவை வழங்கும் கணினி தன் பெயரையும் முகவரியையும் அதிற் பதிந்துவைக்கும். சேவை வேண்டும் கணினி அதைப் பார்த்து நேரே செல்லும். சன் மைக்கிரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1980களிற் பரப்பிய முறையிலோ, ஒவ்வொரு கணினியிலும் 111 என்ற எண்ணுடைய துறையில் ஒரு சிறு நிரல் விழித்திருந்தது. இன்ன சேவை எந்தத் துறையிலே கிடைக்கும் என்று கேட்டால் அதன் எண்ணைச் சொல்வது அதன் முதன்மையான கடமை. கச்சேரியின் முகப்பிலே விசாரணைக் கருமபீடத்தில் அமர்ந்து, காணிப் பதிவா, ஏழாம் அறைக்குச் செல்லுங்கள் என்று வழிகாட்டும் இலிகிதரை இதற்கு ஒப்பிடலாம். அவர் வழி கூறுவார். விண்ணப்பத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு செல்லமாட்டார்.

ஒரே ஸ்தாபனத்தின் உள்ளே, ஒருவரையொருவர் நம்பும் சில கணினிகளுக்கு இம்முறை போதுமானது. ஆனால், வெளியுலகிலிருந்து இலட்சக் கணக்கானோர் அழைக்கத் தொடங்கியதும், ஒரு பெரிய நிரல் பல சிறு சேவைகளாகப் பிரிந்து தனித்தனியே இயங்கத் தொடங்கியதும், நிலைமை வேறாயிற்று. ஒவ்வொரு சேவையும் தன் கதவைத் தெருவிலே திறந்து வைத்துக்கொண்டு, வருவோர் யாரெனத் தானே விசாரித்து, அளவுக்கு மிஞ்சிக் கேட்போரைத் தானே தடுத்து நிற்பது இயலாத காரியம். எனவே எல்லாச் சேவைகளுக்கும் முன்னால் ஒரே வாயில் அமைக்கப்பட்டது. இதனையே ஏ.பி.ஐ. கேற்வே, அதாவது சேவை நுழைவாயில் என்பர். இவ்வாயிலோன் அறை எண்ணை மட்டும் கூறி ஆளை அனுப்பிவிடுவதில்லை. விண்ணப்பத்தைத் தானே பெற்று, விண்ணப்பதாரர் யாரெனச் சரிபார்த்து, உரிய அறைக்குக் கொண்டு சென்று, விடையையும் தானே கொண்டுவந்து கொடுக்கிறான். உள்ளே அறைகள் இடம் மாறினாலும் வெளியே நிற்பவர் அதனை அறியவேண்டுவதில்லை. இவ்வகை நுழைவாயில்களுக்கான மென்பொருளை ஆக்கும் நிறுவனங்களுள் ஒன்று, 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, கொழும்பிலே தன் பொறியியலாளர் குழுவைப் பெருமளவில் வைத்திருக்கும் டபிள்யூ.எஸ்.ஓ.ரூ நிறுவனம் என்பது இலங்கை நேயர்கள் அறியத்தக்க செய்தியாகும்.

இன்று தொலைச்செயல் அழைப்புக்குப் பரவலாகப் பயன்படும் முறைகளுள் ஒன்று ஜி.ஆர்.பி.சி. என்பது. கூகிள் நிறுவனம் தன் உள்வேலைகளுக்கெனப் பல ஆண்டுகள் கையாண்ட முறையொன்றின் வழிவந்த இதனை, 2015ஆம் ஆண்டில் அனைவருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டில் வரையறுக்கப்பட்ட எச்.ரி.ரி.பி. என்ற வலை நெறிமுறையின் இரண்டாம் பதிப்பே இதன் வாகனம். மடலின் உட்பொருள், புறொட்டோகோல் பபர்ஸ் எனப்படும் சுருக்கக் குறியீட்டில் எழுதப்பட்டிருக்கும். குறியீட்டு அட்டவணை கையிலில்லாத வாயிலோனுக்கு அதன் பொருள் முழுதும் விளங்காது. எனினும், மடலின் உறைமீது, எந்தச் சேவை, அச்சேவையின் எந்தச் செயல்முறை என்னும் இரண்டு பெயர்களும் சாய்கோடிட்டுத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ‘கணக்கு’ என்ற சேவையின் ‘இருப்பைக் கூறு’ என்ற செயல்முறைக்கு இவ்வழைப்பு என்பதை உறையைப் படித்தே அறிந்து, வாயிலோன் அதனை உரிய இடத்துக்கு அனுப்புகிறான். தபாற்கந்தோரில் கடிதம் பிரிப்பவர் முகவரியை மட்டும் பார்ப்பதுபோல என்க. 2024ஆம் ஆண்டிலே குபர்நெற்றிஸ் என்னும் கணினித்தொகுதி முகாமை முறையின் நுழைவாயில் விதிகளில், ஜி.ஆர்.பி.சி. அழைப்புகளுக்கென்றே தனியான வழிப்படுத்தல் விதி நிலைபெற்ற ஒன்றாக ஏற்கப்பட்டது. அவ்விதியும் சேவைப் பெயர், செயல்முறைப் பெயர் ஆகிய இவ்விரண்டையே முதன்மையாக நோக்குகிறது.

பொதுவலையில் வரும் மடல்கள் மறைகுறியீட்டால் பூட்டப்பட்டே வரும். உறையைப் படிப்பதற்கு வாயிலோன் அப்பூட்டைத் திறந்தாக வேண்டும். ஆதலால் வாயில் பலவீனமாயின் மாளிகை முழுவதும் பலவீனமாகும். வாயிலில் ஒரேயொரு கணினி நின்று, அது செயலிழந்தால், உள்ளேயுள்ள சேவைகள் யாவும் நலமாக இருந்தும் வெளியுலகுக்கு இல்லாதனவே ஆகிவிடும். இதனாலேயே ஒரே விதிகளைத் தாங்கிய பல வாயிற் கணினிகளை ஒருங்கே நிறுத்துவர்.

இவ்வளவும் கேட்டவர்க்கு வாயிலோனின் வேலை எளிது போலத் தோன்றலாம். சாதாரண வலைப்பக்கங்களைச் சுமந்து பழகிய வாயிலோன், தொலைச்செயல் அழைப்புகளையும் அதேபோலச் சுமக்க முற்படும்போதுதான் இடர்கள் தலைகாட்டுகின்றன. அவற்றுள் நான்கு குறிப்பிடத்தக்கன.

முதலாவது, சுமையைப் பங்கிடுவதில் உள்ள இடர். எச்.ரி.ரி.பி. இரண்டாம் பதிப்பில், ஒரு கணினிக்கும் மற்றொரு கணினிக்கும் இடையே ஒரு பாதையைத் திறந்துவிட்டால், அது நெடுநேரம் திறந்தே இருக்கும். அதன் வழியே ஒரே சமயத்தில் பல அழைப்புகள் தனித்தனி எண்ணிட்டுச் செல்லும். சுமை பங்கிடும் பழைய முறைகளிற் சில, பாதைகளையே எண்ணிப் பங்கிடுவன. மூன்று கணினிகள் ஒரே சேவையை வழங்க ஆயத்தமாக நிற்க, திறந்த பாதை ஒன்றேயாயின், அழைப்புகள் அனைத்தும் ஒரு கணினியின் தலையிலே விழும். மற்றை இரண்டும் சும்மா இருக்கும். மேலும் பத்துக் கணினிகளைச் சேர்த்தாலும் திறந்திருக்கும் பாதை மாறாதவரை பயன் இல்லை. தொலைச்செயல் அழைப்பைச் சுமக்கும் வாயிலோன் பாதையை எண்ணாது, பாதையினுள்ளே செல்லும் ஒவ்வோர் அழைப்பையும் தனித்தனியே எடுத்து வெவ்வேறு கணினிகளுக்கு அனுப்புதல் வேண்டும். லிப்ற் நிறுவனத்தில் உருவாகி 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட என்வோய் என்ற மென்பொருள் இவ்வாறு செய்யவல்லது.

இரண்டாவது, வெற்றி தோல்வியை அறிவதில் உள்ள இடர். வலைப்பக்கம் ஒன்றைக் கேட்டால், விடையின் தலைப்பிலேயே 200 என்ற எண் வந்தால் நலம் என்றும், 500 என வந்தால் கேடு என்றும் அறிந்துகொள்ளலாம். ஜி.ஆர்.பி.சி. முறையிலோ, தலைப்பில் 200 என்று வந்த பின்னரும் அழைப்பு தோல்வியுறலாம். ஏனெனில், இம்முறை ஒரு விடையை மட்டுமன்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகளையும் தொடர்ச்சியாக அனுப்ப இடந்தருவது. தொடக்கத்தில் நலமாக இருந்த வேலை நடுவிலே முறிந்து போகக்கூடும். ஆகவே உண்மையான முடிவு, மடலின் இறுதியிலே இணைக்கப்படும் சிறு குறிப்பில் எழுதப்படுகிறது. அதில் 0 என இருந்தால் வெற்றி; 4 என இருந்தால் காலம் கடந்தது; 14 என இருந்தால் சேவை கிடைக்கவில்லை. இறுதிக் குறிப்பைப் பொருட்படுத்தாத வாயிலோன், தோல்விகளையெல்லாம் வெற்றியென்றே தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பான். பொறுப்பாளர் ஏட்டைப் பார்த்து எல்லாம் நலமென்று இருக்க, வெளியே மக்கள் விடை கிடைக்காது தவிப்பர். இணைய உலாவிகளில் இயங்கும் நிரல்கள் இவ்விறுதிக் குறிப்பை நேரே படிக்க வசதியில்லாத காரணத்தால், குறிப்பை மடலின் உள்ளேயே வைத்து அனுப்பும் ஜி.ஆர்.பி.சி. வெப் என்ற மாற்றுமுறை ஏற்பட்டு, 2018ஆம் ஆண்டில் பொதுப் பயனுக்கு வந்தது. இவ்விரு முறைகளுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பதும் வாயிலோனின் பணிகளுள் ஒன்றாயிற்று.

மூன்றாவது, காலத்தைப் பற்றிய இடர். பிரெலும் நெல்சனும் அமைத்த முறையில், மறுகரையிலுள்ள கணினி உயிருடன் விடையிறுத்துக்கொண்டிருக்கும்வரை, அழைத்தவர் எவ்வளவு காலமும் காத்திருப்பார். இன்றைய ஜி.ஆர்.பி.சி. முறையிலும் அழைப்பவர் கெடு எதனையும் விதிக்காவிடில், காத்திருத்தலுக்கு இயல்பான எல்லை இல்லை. கெடு விதித்தால் அது உறையின்மேல் எழுதப்படும். நூறு மில்லிசெக்கன்களில் விடை வேண்டும் என்று எழுதப்பட்ட மடலை வாங்கிய வாயிலோன், அதில் முப்பதைத் தானே செலவிட்டிருப்பானாயின், எஞ்சியிருப்பது எழுபதே என்பதை உள்ளேயுள்ள சேவைக்கு அறிவித்தல் முறை. அங்ஙனமன்றித் தன் சொந்தக் கெடுவை அவன் விதித்தால் இருவகைத் தீங்கு விளையும். அவன் கெடு குறுகியதாயின், முடியவிருந்த வேலை வீணே அறுபடும். நீண்டதாயின், கேட்டவர் வெறுத்துப் போய்விட்ட பின்னரும் உள்ளே கணினிகள் எவருக்கும் வேண்டாத விடையைத் தேடி உழைத்துக்கொண்டிருக்கும். நெருக்கடி வேளையில் இவ்வீணுழைப்பே பெருகி, நலமாயிருந்த சேவைகளையும் வீழ்த்துவதுண்டு.

நான்காவது இடரே யாவற்றிலும் பாரதூரமானது. அது மறுமுயற்சி பற்றியது. அழைப்பொன்றை அனுப்பிய பின் விடை வரவில்லை என்றால், வாயிலோன் இன்னொரு கணினியிடம் அதே அழைப்பை மறுபடியும் அனுப்புவது எளிது. கணக்கின் இருப்பைக் கூறும்படி கேட்ட அழைப்பாயின், இருமுறை கேட்பதால் எவர்க்கும் நட்டமில்லை. ஆனால், ஐம்பதாயிரம் ரூபாவை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்று என்ற அழைப்பாயின் நிலைமை யாது? முதல் அழைப்பு உள்ளே சென்று, பணமும் மாற்றப்பட்டு, திரும்பும் விடை மட்டும் வழியிலே தொலைந்திருக்கலாம். வாயிலோன் அதனை அறியான். நல்லெண்ணத்தோடு அவன் மறுபடியும் அனுப்பினால், பணம் இருமுறை மாற்றப்படும். மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு இது சிறு பிழையன்று.

இவ்விடர் புதியதும் அன்று. 1984ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அதன் ஆசிரியர்கள் இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளனர். அழைப்புக்கு விடை வந்தால், செயல்முறை சரியாக ஒருமுறை நடந்தது என்று கொள்ளலாம். விடைக்குப் பதிலாகப் பிழையறிவிப்பு வந்தால், அது ஒருமுறை நடந்திருக்கலாம், அல்லது நடவாதிருக்கலாம். இவ்விரண்டில் எது என்பது அழைத்தவர்க்குக் கூறப்படுவதில்லை. ஒரே கணினிக்குள் நடைபெறும் அழைப்பிலே இத்தகைய ஐயம் எழுவதில்லை. கணினி நின்றால் அழைத்ததும் அழைக்கப்பட்டதும் சேர்ந்தே நிற்கும். தொலைவிலே நடைபெறும் அழைப்பில் ஒரு பாதி வீழ, மறுபாதி உயிருடன் நிற்கும். சன் மைக்கிரோசிஸ்ரம்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜிம் வோல்டோவும் அவர்தம் மூன்று துணைவரும் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்றில் இக்கருத்தை வற்புறுத்தினர். காலத்தாமதம், ஒரு பகுதி மட்டும் செயலிழத்தல் முதலியவற்றால் தொலைவிலுள்ளது அருகிலுள்ளதினின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. அவ்வேறுபாட்டை மறைக்க முயலும் அமைப்பு நிலைக்காது என்பது அவர்தம் துணிபு.

இக்கருத்தின் வெளிச்சத்தில் வாயிலோனின் கடமையை வரையறுத்துவிடலாம். மறுமுயற்சி செய்வதா வேண்டாமா என்பதை அவன் தானாகத் தீர்மானித்தல் ஆகாது. இச்செயல்முறையை இருமுறை செய்தாலும் தீங்கில்லை என்று சேவையை ஆக்கியோர் வெளிப்படையாகக் கூறியிருந்தால், அதற்கு மட்டும் மறுமுயற்சி செய்யலாம். மற்றுமோர் இடத்திலும் அது பொருந்தும். எச்.ரி.ரி.பி. இரண்டாம் பதிப்பிலே, ஒரு கணினி தன் பாதையை மூடுமுன், தான் கையிலெடுத்திருக்கக்கூடிய கடைசி அழைப்பின் எண்ணைத் தெரிவித்து விடைபெற ஏற்பாடு உண்டு. அவ்வெண்ணுக்கு மேற்பட்ட அழைப்புகள் தொடப்படவேயில்லை என்பது உறுதியாதலால், அவற்றை வேறொரு கணினிக்கு ஐயமின்றி அனுப்பலாம். இவையல்லாத வேளைகளில், நடந்ததோ நடவாததோ தெரியவில்லை என்ற செய்தியை அழைத்தவரிடம் ஒளிக்காது ஒப்புவிப்பதே அவனுக்குரிய நேர்மை.

பணம் போன்ற விடயங்களில் இதற்கு மேலும் ஒரு காப்பு வேண்டும். அழைப்பவர் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி எண்ணை இட்டு அனுப்புதலே அக்காப்பு. சேவை அவ்வெண்ணைத் தன் ஏட்டிலே, கணக்கை மாற்றும் அதே வேளையிலே பதிந்துகொள்ளும். அதே எண்ணுடன் மீண்டும் வேண்டுகோள் வந்தால், வேலையை மறுபடி செய்யாது, முன்பு கொடுத்த விடையையே திரும்பக் கொடுக்கும். இதனைச் செய்யவேண்டிய இடம் வாயில் அன்று. கணக்கேடு இருக்கும் சேவையே. அந்த எண் சிதையாது உள்ளே சென்று சேர்வதைப் பார்த்துக்கொள்வது வாயிலின் பங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறற்பாலது. எல்லா மடல்களும் தன் வழியே செல்வதால், வாயிலோனிடம் வேலைகளை ஒவ்வொன்றாகச் சுமத்தும் ஆசை எழுவது இயல்பு. இன்றொரு வட்டி விதி, நாளையொரு கழிவு விதி எனச் சேர்த்துக்கொண்டே போனால், ஈற்றில் கந்தோரின் அலுவல்கள் யாவும் வாசலிலேயே நடைபெறும் நிலை வந்துவிடும். அப்போது ஒரு சேவையைச் சிறிது திருத்துவதற்கும் வாயிலைத் திருத்த நேரிடும். வாயிலைத் திருத்தும்போது நிகழும் பிழை எல்லாச் சேவைகளையும் பாதிக்கும். வந்தவரை அறிதல், அளவோடு உள்ளே விடுதல், உரிய இடத்தில் சேர்ப்பித்தல், நடந்ததைப் பதிவுசெய்தல் ஆகிய நான்கோடு அவன் நின்றுகொள்வதே எல்லார்க்கும் நலம்.

சுருங்கக் கூறின், தொலைச்செயல் அழைப்புகளுக்கு வாயில் அமைப்போர் தம் வாயிலோனிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பாதையை எண்ணுகிறானா, அழைப்பை எண்ணுகிறானா? தலைப்பை மட்டும் படிக்கிறானா, இறுதிக் குறிப்பையும் படிக்கிறானா? அழைத்தவர் விதித்த கெடுவைக் குறைத்துச் சொல்லி உள்ளே அனுப்புகிறானா, மறந்துவிடுகிறானா? விடை வராதபோது யாருடைய அனுமதியுடன் மறுபடி அனுப்புகிறான்? இக்கேள்விகளுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே, மக்களின் பணத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் ஏனைய அரிய செய்திகளையும் கொண்ட அழைப்புகளை அவன் கையில் ஒப்படைத்தல் தகும்.